வள்ளத்துக்கு ஒரு பிள்ளை

மாப்பிள்ளையின் உம்மா மணப்பெண்ணின் கழுத்தில் தங்க மாலையைப் போடுகிற நேரம் பார்த்து என் கமராவுக்குள் இருட்டிவிட்டது. கரண்ட் போகவில்லை. லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஹம்சியா மதினி அதை வேறு பக்கம் திருப்பிவிட்டார். மேடையில் மணப்பெண் அரை முகத்தோடு இருக்கிறாள், மாமியார்க்காரி மாலையின் கொளுக்கியைத் தடவிக்கொண்டு நிற்கிறாள், வெளிச்சமோ கீழே கதிரையில் இருந்த ஒருத்தியின் மடியில் விழுந்து கிடக்கிறது. அந்த மடியில் ஒரு கைப்பிள்ளை. வெளிச்சம் பட்டதும் அது கண்ணைச் சுருக்கிக்கொண்டு தும்மியது.

"மதினி! லைட்ட இஞ்சால திருப்புங்க."

"ஸுல்பிகா, அந்தப் புள்ளயப் பாரு."

"புள்ளயப் பிறகு பாக்கலாம். மால போட்டு முடியப் போகுது."

"மூக்கப் பாரு. நெத்தியப் பாரு. அல்லாஹ்வே, அப்பிடியே இரிக்கு."

நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து லைட்டைத் திருப்பினேன். அதற்குள் மாலை கழுத்தில் ஏறிவிட்டது. இனி என்ன செய்ய? மாமியார்க்காரியிடம் கெஞ்சி, மாலையைக் கழற்றி இன்னொரு தரம் போட வைத்தேன். பெண் வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இடத்திலேயே மதினியை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அவர் எதற்காகப் பிள்ளைகளைப் பார்க்கிறார் என்று தெரிந்தவள் எப்படிக் கேட்பது?

புத்தளத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற ஆட்கள் நாங்கள். ஆண்கள் பக்கம் என் கணவர் சுஹைர், பெண்கள் பக்கம் நான். பெண்கள் இருக்கிற இடத்துக்குள் ஆண் கமரா வரக்கூடாது என்பது இங்கே எல்லா வீட்டிலும் சட்டம். இவருடைய ராத்தா, அதாவது மூத்த சகோதரி, ஹம்சியா மதினிதான் எனக்கு லைட் பிடிப்பவர். எங்கள் பிழைப்பே ஒரு வாக்கில்தான் ஓடுகிறது. எந்தப் பெண்ணாவது வந்து, "ராத்தா, வீடியோவுல நான் விழுந்த துண்ட அழிச்சிருங்க" என்று கேட்டால், ஏன் எதற்கு என்று கேட்காமல் அவள் கண் முன்னாலேயே அழித்துவிடுவேன். பெண்கள் பக்கத்துப் படத்தை என் கணவர்கூடப் பார்க்க முடியாது, நானேதான் வெட்டி ஒட்டுவேன். இந்த ஒன்றுக்காகவே, கமரா என்றாலே கதவைச் சாத்துகிற வீடுகள்கூட எங்களைக் கூப்பிடுகின்றன.

கல்யாண வீடியோ இவருக்குச் சோற்றுக்கு. இவருடைய உயிர் இருந்தது வேறு ஒரு படத்தில்.

தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை இயக்கம் விரட்டியபோது, எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்து வள்ளத்தில் ஏறி, மழையில் நனைந்து, கற்பிட்டிப் பக்கம் வந்து இறங்கிய சனத்தில் இவரும் ஒருவர். அப்போது பதினான்கு வயது. மதினி பிள்ளை பெற்று நாற்பது நாள் முடிந்த கையோடு வள்ளம் ஏறியவர். பிள்ளைக்கு ருவைதா என்று பெயர். வள்ளத்தில் காய்ச்சல் வந்தது. ஒதுங்க ஒரு கூரை இல்லை, மருந்து இல்லை, மேலே மழை, கீழே கடல். பிள்ளை மடியிலேயே மௌத்தாகிவிட்டது. மதினி அதை யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கடலில் விட்டுவிடுவார்கள் என்று பயந்து, கரை வரும்வரை தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்த இவருக்கு மட்டும் தெரியும். இறங்கியதும் யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த வெள்ளைத் துணியில் சுற்றி, கரை மணலில் அடக்கினார்கள். பிறகு தேடிப் போனபோது கடல் அந்தக் கரையையே தின்றிருந்தது. கபுறும் இல்லை. போட்டோவும் இல்லை. நாற்பது முடிந்ததும் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோகலாம் என்று இருந்த பிள்ளைக்குப் போட்டோ ஏது? மதினியின் புருஷன் லாபிர் அகதி முகாமில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வேறு ஊரில் வேறு கல்யாணம் முடித்துக்கொண்டு போய்விட்டான். அவனைப் பற்றி இவ்வளவு போதும்.

இதைத்தான் இவர் படமாக எடுக்கப் போகிறார். என்னைக் கல்யாணம் முடித்த நாளிலிருந்து எடுக்கப் போகிறார். நாட்டில் சண்டை நடந்தபோது, முடியட்டும் என்றார். முடிந்தது. கொழும்பிலிருந்து ஒரு தயாரிப்பாளர் வந்து எங்கள் வீட்டில் வட்டிலப்பமும் தின்றுவிட்டு, வள்ளத்தில் ஒரு காதலைப் போடச் சொன்னார். ஒரு தொண்டு நிறுவனத்தார் பத்து நிமிஷத்தில் முடிக்க வேண்டும் என்றார்கள், கடைசியில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் கைகோர்த்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். இவர் வாசல்வரை வந்து மரியாதையாக வழியனுப்பினார், உள்ளே வந்து கதிரையை உதைத்தார். அதற்குப் பிறகு, இது காலம் சரியில்லை, பழசைக் கிளறாதீர்கள் என்று எங்கள் ஆட்களே சொன்னார்கள். ஆனால் இவருடைய தலைக்குள் படம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. பலர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற சஹனில் எதிரே இருக்கிற மனிதரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, "நானா, நீங்கதான் என்ட படத்துல வள்ளம் ஓட்டுறவரு" என்று சொல்லிவிடுவார். அந்த மனிதர் கவளத்தை வாயில் வைத்தபடி முழிப்பார். மழை பெய்தால் எந்த வேலையையும் விட்டுவிட்டு வாசலில் போய் நின்று பார்ப்பார். கழுவப் போட்ட உடுப்பு நனைகிறதே என்று நான் கத்துவது அவருக்குக் கேட்காது.

படத்தில் ருவைதாவாக நடிக்கப் பிள்ளை தேடும் பொறுப்பை மதினி தானாக எடுத்துக்கொண்டார். கல்யாண வீட்டுக்கு வராத கைப்பிள்ளை உண்டா? லைட்டைப் பிடித்தபடியே ஒவ்வொரு மடியாகப் பார்ப்பார். ருவைதாவின் சாயலில் ஒன்று கிடைத்துவிட்டால் அன்று முழுக்க முகம் மலர்ந்திருக்கும். "தம்பி, புள்ள கிடைச்சிட்டு" என்பார். இவர், "இன்னும் கொஞ்ச நாள் ராத்தா" என்பார். பிள்ளை என்ன, இவருடைய கொஞ்ச நாளுக்காகக் கைப்பிள்ளையாகவே இருக்குமா? தவழும், நடக்கும், ஓடும். மதினி முதன்முதல் கண்டுபிடித்த பிள்ளை இப்போது வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு எங்கள் தெருவால்தான் பள்ளிக்கூடம் போகிறது. அதைக் காணும்போதெல்லாம் மதினி தெருவில் நிற்காமல் வேலிக்குள் வந்துவிடுவார்.

அந்த மாலை விஷயம் நடந்து சில நாளில் மதினியைக் கண் டொக்டரிடம் கொண்டுபோனேன். சீனி வருத்தம், அந்த நீரிழிவு, கண்ணுக்குப் போய்விட்டது என்று எனக்கு முன்பே சந்தேகம். வலது கண் ஏற்கனவே முடிந்த கதை, இடது கண்ணும் அதிக காலம் தாங்காது என்று டொக்டர் சொன்னார். மதினி வீட்டுக்கு வந்து, இவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் முன்னால் நின்றார்.

"தம்பி, நீ அந்தப் படத்த எப்ப எடுப்பாய்?"

"எடுப்பம் ராத்தா. நல்லா எடுக்கணும் எண்டுதான்..."

"எனக்கு நல்லா வேணாம். எனக்குக் கண்ணு தெரியிற காலத்துல வேணும். புள்ளட முகம் எனக்கு மறந்துக்கிட்டு வருது. உள்ளுக்கும் இருட்டு வந்தா நான் எங்க போய்ப் பாக்குற?"

இவர் கோப்பையைக் கீழே வைத்தார். அன்றுதான் நானும் என் வாயைத் திறந்தேன். கல்யாணத்துக்கு எடுக்கிற கமரா இருக்கிறது, லைட் இருக்கிறது, நான் இருக்கிறேன், முழுப் படமும் வேண்டாம், வள்ளத்தில் ராத்தாவும் பிள்ளையும் இருக்கிற அந்த ஒரு இடத்தையாவது எடுங்கள், இல்லாவிட்டால் இனி இந்த வீட்டில் சினிமாக் கதை கதைக்காதீர்கள் என்றேன். மௌத்தான பிள்ளைக்கு ஒரு உருவம் கொடுக்க இந்த மனிதரால் முடியாவிட்டால் வேறு என்னதான் முடியும் என்றும் கேட்டுவிட்டேன். அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வேலை செய்தது.

குறிஞ்சிப்பிட்டியில் பதியுதீன் நானாவின் பழைய மரவள்ளம் களப்புக் கரையில் சும்மா கிடந்தது. இப்போது எல்லாரும் ஃபைபர் போட்டில் போகிறார்கள். நானா அதைத் தண்ணீரில் தள்ளிக் கட்டிவைத்துக் கொடுத்தார். மழைக்கு அவருடைய வெங்காயத் தோட்டத்து மோட்டரும் ஹோஸ் பைப்பும். பிள்ளை, மதினி அன்று வெளிச்சம் அடித்த அதே பிள்ளை. தாய்க்காரி ஸஃப்னா புத்தளம் டவுனில் பிறந்து எங்கள் குடியிருப்புக்கு மருமகளாக வந்தவள். புருஷன் அம்ஜத் கத்தாரில். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது போனவன், ஃபோனில் பார்த்ததோடு சரி. படத்துக்குப் பிள்ளையைத் தருவாயா என்று மதினி கேட்டதும் ஸஃப்னா சந்தோஷத்தில் துள்ளினாள். "எடுத்ததும் எனக்கும் தாங்க மாமி, அவருக்கு அனுப்பணும்" என்றாள்.

விடிய வெள்ளென வேனில் போனோம். ஸஃப்னா பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டு, கையில் கறுப்பு வளையல் போட்டு, கன்னத்தில் மையால் பெரிய பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அகதி வள்ளத்துப் பிள்ளைக்கு இவ்வளவு அலங்காரமா என்று இவர் முணுமுணுத்தார். நான் பொட்டை மட்டும் துடைத்தேன். அப்போதாவது ஒருவருக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் அந்த வள்ளத்தின் கதையை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சொல்லத் தேவை இல்லை, எல்லாரும் அப்படி வந்தவர்கள். மதினியைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வோம், அவ்வளவுதான். வெளியிலிருந்து வந்த ஒரு மருமகளுக்கு அது தானாகத் தெரிந்துவிடுமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. இவர் நான் சொல்லியிருப்பேன் என்று இருந்தார். நான் மதினி சொல்லியிருப்பார் என்று இருந்தேன். மதினி தன் வாயால் அதை யாருக்குச் சொன்னார், இவளுக்குச் சொல்ல?

மதினி பிள்ளையை வாங்கிக்கொண்டு வள்ளத்தில் ஏறினார். நான் சின்னக் கமராவோடு எதிரே இருந்தேன். இவர் பெரிய கமராவோடு முழங்கால் தண்ணீரில் நின்றார். பதியுதீன் நானா ஹோஸ் பைப்பை வானத்துக்குப் பிடிக்க, மழை விழத் தொடங்கியது. உண்மையாகவே மழை மாதிரித்தான் இருந்தது. முதல் துளி விழுந்ததும் பிள்ளை திடுக்கிட்டது, பிறகு மதினியின் மூக்கைப் பிடித்து இழுத்துவிட்டுக் கெக்கட்டம் விட்டுச் சிரித்தது. மதினியும் சிரித்தார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் கண்டதில்லை. முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல், பிள்ளையின் முகத்தோடு முகத்தை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் கமரா ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் நிறைந்து, கமராவில் என்ன விழுகிறது என்றே தெரியவில்லை. இவர் தண்ணீரில் நின்று "அப்பிடித்தான், அப்பிடித்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு மழையை நிற்பாட்டச் சொன்னார். பையைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து உதறினார்.

கரையில் நின்ற ஸஃப்னா கேட்டாள், "நானா, அது என்னத்துக்கு?"

இவருக்குப் படம் தலைக்கேறியிருந்தது. கமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "கடைசி ஷொட்டுக்கு. மௌத்தான புள்ளய ராத்தா சுத்தி எடுக்கிற."

  ஸஃப்னா உடுத்த உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கி வந்தாள்.

"உசிரோட இரிக்கிற புள்ளைக்குக் கபன் சுத்துறதா? யா அல்லாஹ்! இவட வாப்பா இன்னும் இவள ஒருக்காத் தூக்கவும் இல்ல. தாங்க மாமி. புள்ளயத் தாங்க."

மதினி கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டத் தொடங்கினார். "கொஞ்சம் இரி மகள், இன்னும் கரை வரல்ல" என்றார்.

 இவர் கமராவை விட்டு நிமிர்ந்து தன் ராத்தாவைப் பார்த்தார். பதினான்கு வயதில் பார்த்ததைத் திரும்பப் பார்த்திருக்க வேண்டும். ஸஃப்னா பிள்ளையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை வீரிட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் மதினியின் கை தானாக விட்டுவிட்டது. அழுகிற பிள்ளை அவருடைய பிள்ளை இல்லையே.

ஸஃப்னாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தத் துணியைக் கிழித்துக் களப்பில் எறிந்துவிட்டுத்தான் போயிருப்பேன். அவள் பாவம், வேனுக்குள் ஏறி, வீடு வரும்வரை பிள்ளையின் காதுக்குள் ஓதிக்கொண்டே வந்தாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை இடுப்பில். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"ராத்தா, என்ட புள்ள விழுந்தது எல்லாத்தயும் அழிச்சிருங்க."

இவர் எழுந்து வந்தார். இவர் யாரிடமும் கெஞ்சி நான் கண்டதில்லை. "ஸஃப்னா, அது சிரிக்கிற துண்டு மட்டுந்தான். கபன் ஒண்டும் அதுல இல்ல. அத மட்டும் விட்டுருங்க."

"தெரியும் நானா. ஆனா நீங்க அத எதோட சேத்து வைப்பீங்க? சிரிக்கிறதும் என்ட புள்ள எண்டா, பிறகு மௌத்தாகிறதும் என்ட புள்ளதானே."

இவர் என் பக்கம் திரும்பி, "அழிக்காத" என்றார். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. ஆனாலும் பெரிய கமராவில் இருந்ததை ஸஃப்னா பார்க்க அவரே அழித்தார். என் கமரா என் கையில்தான் இருந்தது. எத்தனை பெண்களுக்கு முன்னால் ஏன் என்று கேட்காமல் அழித்த கை! இன்றைக்கு மட்டும் விரல் போக மாட்டேன் என்கிறது. அழித்துவிட்டேன் என்று பொய் சொன்னால் இவளுக்கு எப்படித் தெரியும்? அப்படியும் ஒரு நினைப்பு வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மதினி கட்டில் விளிம்பில் இருந்தார். "மகள்" என்று ஸஃப்னாவைக் கூப்பிட்டார். "அழிக்க முந்தி நான் ஒருக்காப் பாக்கட்டா?"

ஸஃப்னா தலையாட்டினாள். மதினிக்கு அது தெரிந்ததோ என்னவோ. நான் கமராவை ஓடவிட்டு அவர் கையில் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். தலையைச் சரித்து, இடது கண்ணின் ஓரத்தால் பார்த்தார்.

"இதுல புள்ள எங்க?"

"உங்கட கையில மதினி. இந்தா, இதுதான்."

"வெள்ளையா என்னவோ அசையிது." விரலால் திரையைத் தடவினார். "இதா?"

அது அவருடைய முக்காடு. நான், ஓம் என்றேன்.

அப்போது கமராவுக்குள் பிள்ளை கெக்கட்டம் விட்டது. ஸஃப்னாவின் இடுப்பில் இருந்த பிள்ளை தன் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தது. மதினி கமராவைக் காதில் வைத்துக்கொண்டார். முடியும்வரை கேட்டார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"அழிச்சிரு ஸுல்பிகா. தாய் கேக்குறா."

அழித்தேன். நிச்சயமாகவா என்று கமரா கேட்டது. அதற்கும் ஓம் என்று அமத்தினேன். ஸஃப்னாவுக்குத் திரையைக் காட்டினேன், அவள் பார்க்காமலே அழுதாள். "மாமி, ஒருக்காத் தூக்குறீங்களா?" என்று பிள்ளையை நீட்டினாள்.

"வேணாம் மகள். மஹ்ரிபாகப் போகுது, இருட்ட முந்திப் புள்ளயக் கொண்டுபோங்க."

அன்று தண்ணீரில் விழுந்து நனைந்த வெள்ளைத் துணியை நான் பின்வளவுக் கொடியில் காயப்போட்டிருந்தேன். அது காய்ந்த பிறகும் இவர் அதை எடுக்க விடவில்லை. பல நாள் அங்கேயே கிடந்து வெயிலில் பழுப்பேறியது. அதன் பிறகு இவர் யாரையும் பார்த்து, என் படத்தில் நீங்கள்தான் அது, நீங்கள்தான் இது என்று சொன்னதில்லை. மழை வந்தால் உடுப்பை எடுத்து வைக்க எனக்கு முன்னால் ஓடுகிறார். எத்தனை வருஷம் இதற்காக நான் சண்டை பிடித்தேன்! இப்போது அவர் உடுப்போடு உள்ளே வரும்போது நான் மழையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

போன வாரம் முந்தலில் ஒரு கல்யாணம். மதினிக்கு இப்போது வெளிச்சம் எது இருட்டு எது என்பது மட்டும்தான் தெரியும். வீட்டில் இருங்கள் என்றால் கேட்பதில்லை. நான் அவரைத் தோளில் பிடித்து மேடைக்கு நேரே நிறுத்தி, கையை உயர்த்தி, "இப்பிடியே பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிடுவேன். தூண் மாதிரி நிற்பார். இப்போதுதான் எங்கள் வீடியோவில் வெளிச்சம் ஆடுவதே இல்லை.

மாலை போடும் நேரம். மாமியார்க்காரி கொளுக்கியைத் தேடிக்கொண்டிருந்தாள். பின்னால், பெண்கள் கூட்டத்துக்குள் எங்கேயோ ஒரு கைப்பிள்ளை அழத் தொடங்கியது. மணப்பெண்ணின் முகத்திலிருந்து வெளிச்சம் மெல்ல வழுகியது. தலைகளுக்கு மேலால் போனது. சுவரில் ஏறியது. இறங்கி, ஒவ்வொரு மடியாகத் தடவிக்கொண்டு சத்தத்தைத் தேடியது. மேடை இருட்டிவிட்டது. "ராத்தா, லைட்டு! லைட்டு!" என்று பெண்ணின் உம்மா என் கையைப் பிடித்து உலுக்கினாள். நான் மதினியின் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதன் தாய் எப்போதோ வெளியே போய்விட்டிருந்தாள். வெளிச்சம் ஒரு வெறுங்கதிரையில் போய் நின்றது, அதில் பிள்ளை துடைக்கிற ஒரு சின்னத் துவாய் கிடந்தது. அழுகை வாசலுக்கு அப்பால் தேய்ந்து இல்லாமல் போன பிறகும் மதினி லைட்டை அந்தக் கதிரைக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். கை கொஞ்சமும் ஆடவில்லை.